போயிருவா

கடைசி நிறுத்தத்தில் தனசீலனை இறக்கிவிட்டு பஸ் வட்டமடித்துத் திரும்பியது. படியில் தொங்கிக்கொண்டிருந்த நடத்துனர், "கடலுக்கா சார்? இந்த மண்பாதையிலேயே நேரா போங்க, ரெண்டு மைலு இருக்கும். அங்க ஒண்ணும் கிடையாது, தண்ணி பாட்டில் வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு விசில் ஊதினார். ஒண்ணும் கிடையாது என்று இரண்டாவது ஆள் சொல்லிவிட்டார். முதலில் சொன்னது மதுரை ரயில்வே டிப்போவில் கூட வேலை பார்க்கும் ஸ்டீபன். ஒரு டீக்கடை கிடையாது, ஒரு வலை கிடையாது, செம்மண் தேரி முடிஞ்சதும் கடல், அவ்வளவுதான், போய் ஒரு நாள் உட்கார்ந்துட்டு வா தனா, தலை தெளிஞ்சிரும் என்று சொன்னான் ஸ்டீபன். தலை தெளியாமல் இல்லை. தலை மிகவும் தெளிவாக இருந்தது, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்த பாத்திரம் மாதிரி. அதுதான் சுகிர்தாவுக்குப் பயமாக இருந்தது. "நீங்க வீட்டுல இருக்கீங்களா இல்லையான்னே தெரிய மாட்டேங்குது. அழுதாலும் பரவாயில்ல, ஏசினாலும் பரவாயில்ல" என்றாள் மனைவி. அவனும் முயன்று பார்த்தான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு முகத்தைக் கோணிப் பார்த்தான், கண்ணாடியில் யாரோ தும்மப் போகிறவன் மாதிரி இருந்தது, விட்டுவிட்டான். பதினோரு நாளாயிற்று. பதினோரு நாளுக்கு முன்னால், மதியம் இரண்டே காலுக்கு, அவன் ஓட்டி வந்த ரயிலில் ஒரு பெண் அடிபட்டுச் செத்துப்போனாள். நாளை மறுநாள் டூட்டிக்குப் போக வேண்டும்.

செம்மணல் மேடுகளான தேரியில் நடக்க நடக்கக் கால் புதைந்தது. இரண்டு பக்கமும் முள் நிறைந்த உடை மரங்கள் குடையை விரித்து வைத்த மாதிரி தட்டையாக நின்றன. வெயில் இருந்தது, ஆனால் வெயில் அடிக்கிறது என்பதை அவன் தெரிந்துகொண்டது சட்டை முதுகில் ஒட்டியதைப் பார்த்துத்தான். சாப்பாடும் இப்போது அப்படித்தான். தட்டு காலியாவதைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டோம் என்று எழுந்துகொள்கிறான். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இது ஐந்தாவது. லோகோ பைலட்டாக இருக்கிற யாருக்கும் இந்தக் கணக்கு உண்டு, யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முதல் தடவை, திண்டுக்கல்லுக்கு இந்தப் பக்கம், வேட்டியை அவிழ்த்துத் தண்டவாளத்தின் மேல் விரித்து அதன் மேல் தலை வைத்துப் படுத்திருந்த ஒருத்தர். ஏன் விரித்தார், தலை வலிக்காமல் இருக்கவா என்று யோசித்து யோசித்து நாலு நாள் வெறும் தண்ணீர்தான் இறங்கியது. இரண்டாவது, மூன்றாவது எல்லாம் ராத்திரி, முகம் தெரியாது, ஒரு சத்தம் மட்டும்தான். நாலாவது தடவை வீட்டுக்கு வந்து கை கழுவி, மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டான். மறு சோறும் வாங்கினான். நன்றாக இருந்தது என்று கூடச் சொன்னான். அந்த மறு சோறு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது. அன்றைக்கே ஏதோ ஒன்று இறங்கிப் போயிருக்கும், இறங்கியது அவனுக்குத் தெரிந்திருக்காது. போகிறது. அதையெல்லாம் யார் கவனிக்கிறார்கள். கடல் தெரிந்தது.

அழகாகத்தான் இருந்தது. அழகா இருக்கு என்று ஒரு தடவை வாய்விட்டே சொன்னான், சிக்னலைப் பார்த்ததும் நிறத்தைச் சொல்கிற பழக்கம் அது. பச்சை என்று இவன் சொல்ல வேண்டும், பச்சை என்று எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கும் உதவி பைலட் திருப்பிச் சொல்ல வேண்டும். இங்கே திருப்பிச் சொல்ல ஆள் இல்லை. சிவந்த மணல் சரிந்து வந்து வெள்ளை மணலில் முடிகிற இடம் கோடு கிழித்த மாதிரி இருந்தது. வடக்கே பார்த்தாலும் கரை, தெற்கே பார்த்தாலும் கரை, ஒரு படகு இல்லை, ஒரு கொடிக்கம்பம் இல்லை, குப்பை கூட இல்லை. பாட்டிலைப் பக்கத்தில் மணலில் ஊன்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். இப்போது ஏதாவது வர வேண்டும். ஜனங்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் அவர்களுக்கு ஏதோ வருகிறது, கல்யாணமான புதிதில் சுகிர்தாவைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போனபோது அவள் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கப்பா இருந்திருக்கலாம் என்றாள். அவள் கன்னம் நனைந்திருந்தது. இவனுக்கு அன்றைக்கும் பசிதான் எடுத்தது. ஓர் அலை வந்தது. அடுத்த அலை வந்தது. இரண்டுக்கும் நடுவில் எத்தனை நொடி என்று எண்ணினான். ஏழு. அடுத்ததற்கு எட்டு. அடுத்ததற்கு ஏழு. எண்ணாதே என்று சொல்லிக்கொண்டான். ஏழு நொடியில் ரயில் எவ்வளவு தூரம் வரும் என்று அவனுக்குத் தெரியும், மணிக்கு நூறு என்றால் நொடிக்கு இருபத்தெட்டு மீட்டர், ஏழு நொடிக்குக் கிட்டத்தட்ட இருநூறு, இருநூறு மீட்டர் என்பது சின்ன தூரம் இல்லை, ஒரு கால்நடைக்கும் ஒரு மனுஷிக்கும் அது தாராளமான தூரம்.

வளைவு முடிந்து நேர்ப்பாதை வந்ததும் அவளைப் பார்த்துவிட்டான். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அரை கிலோமீட்டர் இருக்கும். பாதைக்கு இந்தப் பக்கம் ஏழெட்டு ஆடுகள், பின்னால் நீலச் சேலை, கையில் தொரட்டிக் கம்பு. ஆடுகளை அந்தப் பக்கம் விரட்டிக்கொண்டிருந்தாள். போயிருவா. அப்படித்தான் மனசில் வந்தது, சத்தமாகக் கூட இல்லை, ஒரே ஒரு சொல். போயிருவா. தினம் இருபது பேர் அப்படிக் கடக்கிறார்கள், தினம் இருபது பேரும் போய்விடுகிறார்கள். கை ஹாரன் மேல்தான் இருந்தது. தூக்கம் இல்லை. போன் இல்லை. உதவி பைலட் இந்துமதியோடு பேசிக்கொண்டிருக்கவில்லை, அவள் எதிர்ப்பக்க ஜன்னலில் வண்டியின் வால் வரைக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது அவள் வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வீட்டில் சண்டை இல்லை, ஒரு காரணம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம், ஒரு காரணமும் இல்லை. கை அழுத்தவில்லை. ஆடுகள் தாண்டின. அவளும் தாண்டினாள். பார்த்தாயா, போயிட்டா. அப்போது ஒரு குட்டி மட்டும் நடுவில், இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் நின்றுவிட்டது. அவள் திரும்பினாள். அப்போதுதான் அழுத்தினான், அழுத்திய கையை எடுக்கவே இல்லை, மறு கை பிரேக்கை முழுசாகப் போட்டது, இந்துமதி "சார் சார் சார்" என்றாள். நீலச் சேலை நிமிர்ந்து பார்த்தது. ஹாரன் சத்தத்துக்கு நிமிர்ந்தாள். அதுதான் விஷயம். காது கேட்கிறவள். அரை கிலோமீட்டரில் அழுத்தியிருந்தால் அங்கேயே நிமிர்ந்திருப்பாள், ஆடுகளை இந்தப் பக்கமே நிறுத்தியிருப்பாள், குட்டி நடுவில் நின்றிருக்காது, அவள் திரும்பியிருக்க மாட்டாள், வண்டி போயிருக்கும், அவன் அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பிட்டிருப்பான், அவளும் எங்கேயோ ஒரு வீட்டில் சாப்பிட்டிருப்பாள்.

வண்டி அறுநூறு மீட்டர் தாண்டித்தான் நின்றது. இந்துமதி இறங்கி ஓடினாள், வாந்தி எடுத்தாள், திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டு அழுதாள், இருபத்தொன்பது வயது, அவளுக்கு இது முதல். இவன் வாக்கி டாக்கியில் கடைசிப் பெட்டியில் இருந்த கார்டுக்குச் சொன்னான், ஸ்டேஷனுக்குச் சொன்னான், நேரம் எழுதிக்கொண்டான். அடுத்த ஸ்டேஷனில் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். அந்த வாசகம் யாரும் யோசித்து எழுதுவதில்லை, கை தானாக எழுதும். பெண் ஒருவர் பாதையில் இருப்பதைக் கண்டதும் தொடர்ந்து ஒலி எழுப்பி அவசர பிரேக் இட்டேன். கண்டதும். அந்த ஒரு சொல்லில் பேனா கொஞ்சம் கூட நிற்கவில்லை. கீழே இவன் கையெழுத்து, அதற்குக் கீழே இந்துமதி கையெழுத்து. போடும் முன்னால் அவள் ஒரு தடவை இவன் முகத்தைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு போட்டாள். அந்த ஒரு கணத்தைப் பதினோரு நாளாக எடுத்து எடுத்துப் பார்க்கிறான். அழுது வீங்கிய கண் அப்படித்தான் பார்க்கும் என்று ஒரு நாள் தோன்றும். அவளுக்குத் தெரியும் என்று மறுநாள் தோன்றும். இறந்தவள் பேச்சித்தாய், வயது ஐம்பத்தெட்டு, ஒரு மகன் என்று விபத்துக்கு மறுநாள் பேப்பரில் மூன்று வரி வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தண்டவாளத்தில் நடந்தது அவள் தப்பு என்று எல்லோரும் சொன்னார்கள், சட்டப்படி அது சரி. ஆறுதல் சொல்லி மூன்று நாள் லீவு கொடுத்தார்கள், இவன் டாக்டர் சீட்டு வாங்கி நீட்டிக்கொண்டான். ஏழு நொடி. அலை வந்தது. எண்ணாதே.

எப்போது எழுந்தான், எப்போது பேண்ட்டை மடித்தான் என்று தெரியாது, தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. குளிர்ந்ததா, வெதுவெதுப்பா என்று யோசித்தான், சொல்லத் தெரியவில்லை. சாக வேண்டும் என்று நினைத்து இறங்கவில்லை. சாக வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. இன்னும் இரண்டு அடி போனால் தண்ணீர் எப்படி இருக்கிறது என்று தெரியலாம், அவ்வளவுதான் எண்ணம். அடியில் மணல் காலுக்குக் கீழிருந்து உருவிக்கொண்டு போனது. யாரும் இல்லாத இடம். யாரும் பார்க்காத இடம். நாளை மறுநாள் காலை ஏழு மணிக்கு வண்டி, அதே வளைவு, அதே நேர்ப்பாதை, யாராவது கடப்பார்கள், தினம் இருபது பேர். கை அழுத்துமா? கையைத் தூக்கிப் பார்த்தான். சாதாரணமான கை, மோதிரம் போட்ட கை.

"ஏ அண்ணாச்சி! ஏய்! அங்க போவாதிய, பள்ளம்! கரைக்கு வாங்க!"

பாத்திரம் விழுந்த மாதிரி குரல். திரும்பினான். வடக்கே நூறடி தள்ளி, தாழம்புதருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து கையை வீசிக்கொண்டிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது, சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. இத்தனை நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறாள். தனியாக இருக்கிறோம் என்று இவன்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். கரைக்கு வந்தான். அவள் நெருங்கி வந்து மேலும் கீழும் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு சாக்கும் ஒரு சல்லடையும் கிடந்தன.

"எங்கருந்து வாரிய?"

"மதுரை."

"தனியாவா?"

"ஆமாக்கா. சும்மா, பாக்கலாம்னு."

"சும்மான்னுதான் எல்லாரும் சொல்லுதாவ" என்றாள் அவள். பெயர் சலேத்மேரி, தெற்கே இரண்டு மைலில் வீடு, கரை ஒதுங்கிய சிப்பியைப் பொறுக்கிச் சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குப் போடுகிறாள். கேட்காமலே இதையெல்லாம் சொல்லிவிட்டு மறுபடி குந்தி உட்கார்ந்து மணலைச் சலிக்கத் தொடங்கினாள். "வந்த நேரத்துலருந்து ஒங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இங்க வருசத்துக்கு ஒண்ணு ரெண்டு பேரு வந்துருதாவ. ஆளு இல்லாத எடம்னு எவன்தான் சொல்லி அனுப்புதானோ. போன சித்திரையில ஒரு வாத்தியாரு. நான் அந்தக் கடைசியில நின்னேன், சத்தம் எட்டல."

"நான் அதுக்கு வரல."

"வராட்டா நல்லது. ஏசிட்டுப் போங்க. முட்டு நனைஞ்சா நான் கூப்பிட்டுருவேன், இடுப்பு நனையட்டும்னு பாத்துக்கிட்டு நிக்க மாட்டேன். முக்காவாசிப் பேரு காலு நனைக்க வந்தவுகதான். ஏன் கத்துதேன்னு ஏசுவாக. ஏசட்டும், எனக்கு என்ன, தொண்டை வலிக்கும், அவ்வளவுதான்."

சிப்பிகள் சல்லடையில் உருண்டன. தனசீலன் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். அவள் சொன்னதில் ஒன்று அவனுக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு கழலாமல் நின்றது. முட்டு நனைஞ்சா. தொண்டை வலிக்கும், அவ்வளவுதான். அவ்வளவுதான் செலவு. ஒரு கையை இரண்டு அங்குலம் அழுத்துவதற்கு அதுவும் இல்லை. வாய் திறந்தது. அவன் திறக்கவில்லை, அது திறந்தது. "நான் ரயில் ஓட்டுறவன்" என்று ஆரம்பித்தது. வளைவு, நேர்ப்பாதை, நீலச் சேலை, போயிருவா என்று நினைத்தது, கை ஹாரன் மேலேயே இருந்தது, அறிக்கையில் கண்டதும் என்று எழுதியது, கூட இருந்த இந்துமதி கையெழுத்துப் போட்டது, எல்லாம் வந்தது. சுகிர்தாவிடம் சொல்லாதது, ஸ்டீபனிடம் சொல்லாதது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றபோதும் சொல்லாதது, காளவாய்க்குச் சிப்பி பொறுக்கும் ஒருத்தியிடம், இன்றைய ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்று சொல்கிற குரலில் வந்துகொண்டே இருந்தது. சொல்லி முடித்ததும் காத்திருந்தான். நீங்க வேணும்னேயா செஞ்சிய என்பாள். விதி என்பாள். அல்லது காறித் துப்புவாள். எதுவானாலும் சரி.

சலேத்மேரி சல்லடையைக் கீழே வைத்தாள்.

"ஆடு என்னாச்சு?"

"எது?"

"அந்தக் குட்டி. அதுக்காகத்தான திரும்புனா. அது என்னாச்சு?"

தெரியவில்லை. அவனுக்குத் தெரியவில்லை. பதினோரு நாளில் எத்தனை ஆயிரம் தடவை அந்தப் பாதையைப் பார்த்திருப்பான், நொடி நொடியாக, மீட்டர் மீட்டராக, குட்டி நடுவில் நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது, அதற்கு மேல் குட்டி இல்லை. தன் கை இருக்கிறது, ஹாரன் இருக்கிறது, தன் அறிக்கை, தன் மறு சோறு, இந்துமதி தன்னைப் பார்த்த பார்வை. அவள் எதற்காகத் திரும்பினாளோ அது அவன் கணக்கிலேயே வரவில்லை. முகம் சுட்டது. வெயிலா என்று பார்த்தான், மேகம்தான் இருந்தது.

"தெரியலக்கா."

"கூட இருந்த பிள்ளை பாத்திருக்குமே."

"பாத்திருக்கும்."

"கேளுங்க. இங்க டவர் கிடைக்காது. அந்த மேட்டுக்கு ஏறுங்க, உச்சியில நின்னா ஒரு கோடு ரெண்டு கோடு வரும். என் மவன் அங்கன நின்னுதான் பேசுவான்."

ஏறினான். மணல் சரிந்து சரிந்து இரண்டடிக்கு ஓரடி கீழே இழுத்தது. மூச்சு வாங்கியது. உச்சியில் இரண்டு கோடு வந்தது. மூன்றாவது மணியில் இந்துமதி எடுத்தாள்.

"சார்? எப்படி இருக்கீங்க சார்?"

"இந்து, அந்த ஆட்டுக்குட்டி என்னாச்சு?"

காற்று இரைந்தது.

"பொழச்சிருச்சு சார்" என்றாள். "அந்தம்மா அதைத் தூக்கி வீசிட்டாங்க. நான் இறங்கி ஓடுனப்போ மேட்டுல நின்னு கத்திக்கிட்டு இருந்துச்சு. வெள்ளைக்குட்டி. நீங்க கேக்கவே இல்லையேன்னு நெனச்சேன்."

"இந்து, நான் லேட்டா அடிச்சேன்."

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டியா?"

"வேற என்ன சார் பண்ணுவேன்? நான் வந்து எட்டு மாசம். நீங்க எழுதி நீட்டுறீங்க. தினம் ராத்திரி அந்தப் பேப்பர்தான் சார் வருது. அந்தம்மா கூட வரல."

தன் பதினோரு நாளைப் பற்றித்தான் இவன் யோசித்தான். அவளுக்கும் பதினோரு நாள் இருந்திருக்கிறது. மதுரையில் இன்னொரு வீட்டில், இன்னொரு சுவரைப் பார்த்துக்கொண்டு.

"திங்கட்கிழமை வேற அறிக்கை எழுதிக் கொடுக்கப் போறேன். எத்தனை தூரத்துல பாத்தேன், எத்தனை தூரத்துல அடிச்சேன்னு. உன்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க."

"நான் என்ன சார் சொல்லணும்?"

"நான் எழுதி நீட்டினேன், நீ போட்டேன்னு சொல்லு. அதான நடந்துச்சு."

"வேலை போயிருமா சார்?"

"உனக்குப் போகாது. எனக்குத் தெரியல." யோசித்துப் பார்த்தான். போனால் சுகிர்தா என்ன சொல்வாள், பெண்ணின் காலேஜ் என்ன ஆகும், எல்லாம் வரிசையாக வந்து நின்றன, அவற்றை நினைத்துப் பயமாகவும் இருந்தது. பயம் என்று ஒன்று இன்னும் இருக்கிறது. "பரவாயில்ல. நீ சாப்பிட்டியா?"

"இல்ல சார்."

"சாப்பிடும்மா."

இறங்கி வரும்போது சலேத்மேரி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"என்ன சொல்லுது பிள்ளை?"

"பொழச்சிருச்சாம். தூக்கி வீசிட்டாங்களாம்."

"ம்." முடிச்சை இழுத்து இறுக்கினாள். சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள், பிறகு கையைச் சட்டையில் துடைத்தாள். "இப்ப அத யாரு மேய்க்கா? மவன் மேய்க்கானா, வித்துட்டானா?"

"தெரியல. நாளைக்கு அந்த ஊருக்குப் போறேன்."

"போயி? ஆட்டையா பாக்கப் போறிய?"

"இல்ல. நான்தான் ஓட்டினேன்னு அந்தப் பையன்கிட்ட சொல்லணும். எப்ப ஹாரன் அடிச்சேன்னு சொல்லணும்."

"அடிப்பான்" என்றாள் அவள்.

"ஆமா."

அவள் அவனைப் பார்த்தாள். கடலில் பள்ளத்தைப் பார்க்கிற அதே கண். பிறகு துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, சாக்குக்கு முன்னால் குனிந்தாள்.

"அஞ்சு மணிக்கு ஒரு பஸ்ஸு, அதுக்குப் பொறவு கிடையாது. இத ஒரு கை தூக்கி விட்டுட்டு நடங்க."

தூக்கினான். எதிர்பார்த்ததை விடப் பாரமாக இருந்தது, சாக்கின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருந்த சிப்பி உள்ளங்கையைக் கீறியது. எரிந்தது. அவள் தலையில் ஏற்றிவிட்டு, கையை உதறிக்கொண்டு, தேரிப் பாதையில் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.